ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு

"இந்த மார்க் கார்டுல என்ன குறைன்னு இப்போ சொல்லு, பாப்போம்!"

வெங்கடராமன் பழுப்பேறிய காகிதத்தைக் கவுன்டரில் ஓங்கி அறைந்தார். பெங்களூரின் அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில், பிள்ளைகளோடு வரிசையில் நின்ற பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கவுன்டரில் இருந்த மமதா ஒரு நாளைக்கு நூறு கோபக்காரர்களைப் பார்ப்பவள். "சார், ஸ்வல்ப மெதுவா. மார்க் கார்டு நான் கேக்கவே இல்லையே. ஆதார், ரெண்டு போட்டோ, மகனோட கையெழுத்து. அவ்ளோதான்."

"அம்பது வருஷம் முன்னாடி கேட்டாளேம்மா! டிகிரி முடிச்சவாளுக்குன்னு கொஞ்சம் சீட்டு உண்டு, சுவாலஜி எடுத்தா டாக்டர் ஆயிடலாம்னா. எடுத்தேன். அறுபது பர்சென்ட் வேணும்னா. எனக்கு அம்பத்தொம்பது புள்ளி எட்டு. வெளியே போன்னுட்டா!"

போன மார்க்கை நினைத்து அழுகிறவர்கள் உண்டு. வெங்கடராமன் அழுகிற ஜாதி இல்லை, அடிக்கிற ஜாதி. படித்த சுவாலஜிக்கு மாநில மீன்வளத் துறையில்தான் வேலை கிடைத்தது. ஒரு மீனைக்கூடத் தொடாமல் முப்பத்தைந்து வருஷம் மீனுக்குக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர், அந்தப் புள்ளி இரண்டுக்காக மட்டும் யாரையும் மன்னிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்றவர் சில்வெஸ்டர். கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் மகளை அழைத்துக்கொண்டு வந்தவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார்.

"இன்னா பெரியவரே, இந்த வயசுல உங்களுக்கு டாக்டர் படிப்பு கேக்குதா? நீட்டுக்கு வயசு வரம்ப எடுத்தாலும் எடுத்தாங்க, அவனவன் கிளம்பிட்டான். எம் பொண்ணு ரெண்டு வருசம் தூங்காம படிச்சுட்டு நிக்கிறா. அவ சீட்டுல வந்து நீங்க உக்காருவீங்களா?"

"உன் பொண்ணு சீட்டுல நான் உக்கார மாட்டேன்யா. நீ உன் வேலையப் பாரு!"

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தான் மகன் கண்ணா. அதே கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களுக்கு அனாடமி நடத்துகிற டாக்டர். வெள்ளைக் கோட்டுக்கு மேலே முகம் சிவந்திருந்தது.

"அப்பா, வீட்டுக்குக் கிளம்பு. மூணு நாளா அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா. உனக்கு உறைக்கலையா?"

"உங்கம்மாக்கு என்னிக்கு என் ஆசை புரிஞ்சுது? கையெழுத்தப் போடு."

"போட மாட்டேன். எனக்குப் பிசிக்ஸ்தான் பிடிச்சுது. பி.யு.சி. முடிச்சதும் ரூம்ல போட்டுப் பூட்டி, ரெண்டு வருஷம் திரும்பத் திரும்ப என்ட்ரன்ஸ் எழுத வச்சே. உனக்காகத்தானே டாக்டர் ஆனேன்? அது போதலியா? இப்போ என் காலேஜுக்கே வந்து நிக்கறே!"

"நீ உள்ளே போனா நான் போன மாதிரி ஆயிடுமா? ஒரு நாளாவது அந்த ஹாலுக்குள்ளே நான் போகணும்டா."

"ஊர்ல வேற காலேஜே இல்லையா?"

"எவனோ ஒருத்தன் கிளாஸ் எடுக்கறதுக்கா? எனக்கு நீதான் எடுக்கணும்."

கண்ணாவின் குரல் உடைந்தது. ஆனாலும் கத்தினான். "நீ இங்கே வந்தா நான் எப்படிப்பா கிளாஸ் எடுப்பேன்? பசங்க முன்னாடி என் கை நடுங்காதா?"

"அப்பன் ஸ்டூடன்ட்டு, புள்ள வாத்தியாரு!" என்றார் சில்வெஸ்டர். வரிசை கொல்லென்று சிரித்தது. சில்வெஸ்டரின் மகள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மமதா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் பாரத்தைக் கண்ணாவின் பக்கம் தள்ளினாள். "டாக்டர், உங்களுக்குத் தெரியாததா? பீஸ் எதுவும் கிடையாது. டைம் வந்ததும் வீட்லேருந்து ஒரு போன் பண்ணா போதும். காலேஜ் வண்டி வாசலுக்கே வரும்."

"பீஸும் இல்ல, வண்டியும் வாசலுக்கு வருதா! டாக்டரு அப்பான்னா ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" சில்வெஸ்டர் இப்போது நிஜமாகவே சண்டைக்குத் தயாரானார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

வெங்கடராமன் தன் பேனாவைத் திறந்து மகன் கையில் திணித்தார். "போடு. போடலேன்னா இன்னியோட நீ என் பிள்ளை இல்லே."

"பிள்ளையா என்னிக்குப்பா நடத்தினே? உன் மார்க் கார்டாத்தானே வளத்தே?"

கிழவர் மார்க் கார்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த பாரத்தை விரலால் தட்டினார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

கண்ணா குனிந்தான். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டான். பேனாவை அப்பாவின் முன்னால் விட்டெறிந்துவிட்டு, கண்ணில் வழிந்ததைத் துடைக்காமல் சொன்னான்.

"உனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய கையாலேயே, உன்னை மேஜையில போட்டு அறுத்துப் பாடம் நடத்தறேன், போதுமா?"