நூற்று எண்பது

மணி பத்து பத்து. விமான நிலைய விசாரணை மேஜையில் போன் அலறியது.

"உன் மாப்பிள்ளை கூப்பிடறாரும்மா, எடு," என்று கண்ணடித்தார் பெட்டி ஏற்றுகிற அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே!" என்று அதட்டிவிட்டு அவள் எடுத்தாள். மாப்பிள்ளையாவது, மண்ணாங்கட்டியாவது. எழுபது வயதுக் குரல்.

"அம்மா, தீவு விமான நிலையத்துல இருந்து இங்க எவ்வளவு தூரம்?"

"நூத்தி எண்பது, ஐயா."

"மைலா, கிலோமீட்டரா?"

"கடல் மைல். கிலோமீட்டர்னா முன்னூத்தி முப்பத்து மூணு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சின்ன விமானத்துல ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம்."

மறுமுனையில் பென்சில் தாளில் உரசும் சத்தம். அப்புறம் போனை வைத்துவிடுவார். நான்கு மாதமாக, ஒரு நாள் தவறாமல் இதே கூத்து.

கிறுக்குக் கிழவர் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பதினோரு வருடத்துக்கு முன், அவள் அப்பா ஓட்டிய விமானம் தீவிலிருந்து கிளம்பியதும் இதே பத்து பத்துக்குத்தான். ஒன்பது பயணிகள். ஓடுபாதையைத் தொட மூன்று நிமிடம் இருக்கும்போது, அவசரத்துக்கென்று கூடுதலாக நிரப்பும் அரை மணி நேர எரிபொருளும் தீர்ந்து கடலில் விழுந்தது.

தீவு அலுவலகத்தில் தூரமும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுத்த தாள் அப்பாவோடு மூழ்கிப் போயிற்று. அங்கே இருக்க வேண்டிய நகலையும் காணவில்லை. பழி மொத்தமும் அப்பா தலையில் விடிந்தது. பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காத குடிகாரன் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. ஒரு சொட்டு தொடாத மனுஷன்! அம்மா அதைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள். அந்தப் பழியைத் துடைக்க ஒரு துரும்பாவது கிடைக்காதா என்றுதான், இன்னார் மகள் என்று மூச்சு விடாமல், அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

இன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, வெச்சிடாதீங்க. அந்த விமானத்துல உங்களுக்கு யாரு போனாங்க? மகனா, மகளா?"

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"அதை ஓட்டினது எங்கப்பாதான். திட்டணும்னா திட்டிக்குங்க. நான் கேட்டுக்கறேன்."

பென்சில் விழுந்து தரையில் உருண்டது.

"எனக்கு யாரும் போகலம்மா."

"அப்புறம் ஏன் தினமும் கேக்கறீங்க?"

கிழவர் விம்மினார். எதுவோ காகிதம் சரசரத்தது.

"அந்த நகல் என்கிட்டதாம்மா இருக்கு... நூத்தி எண்பது கிலோமீட்டர்னு, என் கையெழுத்துல."