பெற்றீசியாவுக்கு வேலை கிடைத்தது

அம்பிட்டியவில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் மெனேஜர் கிறகரி, பெற்றீசியாவின் வீடு தேடி வந்தே வேலை கொடுத்தார்.

"ரோட்டு நாய்களுக்கு நீங்க சோறு போடுறதப் பாத்தேன் மிஸ். ஹோட்டல் செலவுலயே அதுகளப் பாத்துக்க ஆள் வேணும். வர்றீங்களா?"

வேலை தேடி அலுத்துப்போயிருந்தவளுக்குக் கண் கலங்கியது. ஆசைப்பட்டதைச் செய்யச் சம்பளமும் தருகிறார்களே!

முதல் நாள் கிறகரியே கோழி பிசைந்த சோற்றைக் கொண்டுவந்தார். "பூச்சி மருந்து கலந்திருக்கு. எல்லாத்துக்கும் குடுங்க."

பெற்றீசியா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றன.

சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வாயெல்லாம் நுரை.

"சேர், ஓடி வாங்க! சோத்துல என்னமோ இருக்கு!"

"நான்தான் சொன்னேனே, பூச்சி மருந்துன்னு. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிறது," என்றார் கிறகரி பதறாமல். "நாங்க வச்சப்ப ஒண்ணும் வாய் வைக்கல. ஒங்க கையால குடுத்தாத்தானே திங்குது?"

பெற்றீசியா தரையில் உட்கார்ந்து கதறினாள். கறுப்பி என்ற நாய் தவழ்ந்து வந்து அவள் கையை நக்கியது.

"அழாதீங்க மிஸ், வேலை போகாது. கெலிஓயாவுலயும் நமக்கு ஹோட்டல் இருக்கு. அங்க உள்ள நாய்களுக்கு ஒரு மாசம் நல்ல சோறு போட்டுப் பழக்குங்க."