ஆறாவது கேசட்

“பாய், மெட்ராஸ் நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒண்ணு உங்க கடையை விசாரிச்சுட்டு இப்பத்தான் மலை ஏறுதுங்க.”

அடிவாரத்துக் காரவள்ளியில் டீக்கடை வைத்திருக்கும் அர்த்தனாரி போனில் இப்படிச் சொன்னதும், செம்மேட்டில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் ஷாகிர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“யாருங்ணா? எத்தன பேரு?”

“ரெண்டு பேரு. ஒருத்தரு கையில ஃபைலு. கூட ஒரு பொம்பள, கருப்புக் கண்ணாடி போட்டுட்டு. தாரிணி பாடுன டான்ஸ் கேசட்டு செம்மேட்டுல எந்தக் கடையில கெடைக்கும்னு கேட்டாங்க. நானும் வாய் தவறி உங்க கடைன்னு சொல்லிப்போட்டேன்.”

ரிசீவரை வைத்துவிட்டு ஷாகிர் கடிகாரத்தைப் பார்த்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு. எப்படி விரட்டினாலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

எல்லாம் சித்தி மகன் சுஹைல் இழுத்துவிட்ட வினை. சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவன், தை மாதம் வந்தபோது பையில் ஒரு கேசட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். தாரிணி என்கிற புதுப் பாப் பாடகி. தவில் அடியும் கம்ப்யூட்டர் அடியும் கலந்து, ஆறு பாட்டும் நடுவில் மூச்சு விடாமல் அரை மணி நேரம் ஓடும். கேட்டவன் கால் சும்மா இருக்காது. “அடுத்த மாசம் ரிலீஸ். அதுவரைக்கும் நீ மட்டும் கேளு” என்றான்.

ஷாகிர் மட்டுமா கேட்டான்? ஐந்து காப்பி போட்டு விற்றான். ஆடி பிறந்தும் கேசட் எந்தக் கடைக்கும் வரவில்லை. கொல்லிமலையில் மட்டும் அது ஜீப்புக்கு ஜீப் கைமாறி ஓடியது.

போன வருஷமே திருட்டு கேசட்டுக்காகப் போலீஸில் பிடித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருந்தார்கள். இன்னொரு தடவை மாட்டினால் கடைக்குப் பூட்டு, அவனுக்கு ஜெயில்.

விற்ற ஐந்தையும் திரும்ப வாங்கி வர டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு பறந்தான். ஜீப் ஸ்டாண்டில் மூன்று, மைக் செட் கருப்பண்ணனிடம் ஒன்று. ஐந்தாவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தரும் பிரபாவதி டீச்சரிடம் இருந்தது.

“வெள்ளிக்கெழம பிள்ளைங்க இதுக்குத்தான் ஆடணுமுங்க, பாய்.”

“என் பொழப்பே ஆடுதுங்க டீச்சர்” என்று டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை உருவிக்கொண்டு வந்தான்.

கடையில் பாட்டுப் பதிய மூன்று டெக். முதல் மூன்று கேசட்டைப் போட்டு, பாட்டு எதுவும் கொடுக்காமல் ரெக்கார்டு பட்டனை மட்டும் அழுத்தினான். பழைய பாட்டு அழிந்து வெறும் டேப் ஆகிவிடும். ரெக்கார்டிங் கடையில் வெறும் கேசட் இருந்தால் யார் என்ன கேட்க முடியும்?

அரை மணி நேரம் கழித்து அடுத்த மூன்று. சுஹைல் கொடுத்த கேசட்டைக் கையில் எடுத்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மனைவி இர்ஃபானா வந்து நின்றாள்.

“அது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமுங்க. அரிசி டப்பாவுல ஒளிச்சு வெக்கறேன்.”

“போன தடவ அரிசி டப்பாவத்தான் மொதல்ல கொட்டுனாங்க.”

“அப்பிடி ஒரு கொரலு மறுபடி கெடைக்குங்களா?”

“ரிலீஸ் ஆனா நூறு கெடைக்கும். இப்ப சும்மா இரு.”

சொல்லிவிட்டானே தவிர அவனுக்கும் மனசு கேட்கவில்லை. மற்ற இரண்டையும் ஓட விட்டு, ஐந்து நிமிஷம் தயங்கி நின்றுதான் அதைப் போட்டான்.

அந்த இரண்டும் முடிந்து நின்றன. ஆறாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. ஷாகிர் அவசரமாகத் திரும்பி, டெக்கை முதுகால் மறைத்துக்கொண்டான்.

ஃபைல்காரர் முதலில் ஏறி வந்தார். பின்னால் அந்தப் பெண், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா.

“தாரிணி கேசட் இருக்கா?”

“அப்பிடி ஒரு கேசட்டே இங்க இல்லீங்க, சார்.”

“வாசலூர்பட்டி போட் ஹவுஸ் பக்கம் ஒரு ஜீப்ல ஓடிச்சாமே? கேட்டவர்தான் எங்களுக்குச் சொன்னார்.”

“நமக்குத் தெரியாதுங்க. இங்க சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டுந்தானுங்க.”

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவள் விரல்கள் மட்டும் கவுண்டர் பலகையில் மெதுவாகத் தட்டின. ஷாகிருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேசட்டில் முதலில் வரும் தவில் அடி அது. நம்மைச் சோதிக்கிறாள் என்று நினைத்தான்.

“சத்தியமா இல்லீங்க. வேணும்னா கடை பூராப் பாத்துக்குங்க.”

அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். ஆஸ்பத்திரித் தாள்.

“பயப்படாதீங்க தம்பி, நாங்க போலீஸ் இல்ல, கம்பெனியும் இல்ல. இவ என் தங்கச்சி. தாரிணி இவதான். பாடி முடிச்ச மாசமே தொண்டையில ஆபரேஷன். இனிமே பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. மேடை ஏறாத பாடகிக்குக் கேசட் எதுக்குன்னு கம்பெனிக்காரங்க ரிலீஸையே நிறுத்திட்டாங்க. ஸ்டுடியோவுல இருந்த மூல டேப்பு மேலயே வேற யாரோ பாடினதைப் பதிஞ்சுட்டாங்க. இவ குரல் மிச்சம் இருக்கிறது இந்த மலையில மட்டும்தான். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்.”

தாரிணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஷாகிர் பதறித் திரும்பி ஸ்டாப் பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். விரல் அதைத் தொடும் முன்பே, ஆறாவது கேசட்டும் கடைசி வரை ஓடி, ‘டக்’கென்று தானாக நின்றது.