தவக்காலக் கறி

தவக்காலம் தொடங்கி மூன்றாவது ஞாயிறாக, எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

“கறி இருக்கு. ஏனத்தை அப்புறமா வாங்கிக்கிறேன்” என்று பவுலின் கையில் திணித்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

உள்ளே பவுலினின் கணவர் மரியப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“மறுபடியுமா? பதினஞ்சு வருசமா எதிரெதிர் வீடு. சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல கவுச்சி கிடையாதுன்னு அவளுக்குத் தெரியாதா?”

“மறந்திருப்பாங்க.”

“ஒரு தடவை மறக்கலாம். மூணு தடவையுமா மறக்கும்? நம்ம விரதத்தைக் கேலி பண்றா. அது உனக்குத்தான் புரியல.”

பவுலின் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முதல் வாரம் மறதி என்று விட்டாள். போன வாரம் சங்கடமாக இருந்தது. இன்றைக்கு உண்மையாகவே வலித்தது.

தவக்காலம் வந்துவிட்டால் மரியப்பன் ரொம்பக் கறார். தாடி வளர்ப்பார், வெற்றிலை போட மாட்டார், சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் வீட்டில் நாய்க்குக்கூட ரசஞ்சோறுதான். பின்கட்டில் நாலு குட்டி போட்டுப் படுத்திருந்த செவலை, அந்த ரசஞ்சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“மூடியைத் தொறக்காத. வாசம் புடிச்சாலே விரதம் போச்சு. கொண்டா இங்குட்டு, நானே செவலைக்குப் போட்டுட்டு வாரேன்.”

போன இரண்டு வாரமும் இப்படித்தான். வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்பினால் மரியாதையில்லை, கொட்டினால் பாவம். அதனால் பாரத்தை அவரே ஏற்றுக்கொண்டு பின்கட்டுக்குக் கொண்டுபோனார். சும்மா சொல்லக் கூடாது, சட்டியையும் அவரே கழுவிக்கொண்டு வந்தார்.

“இந்தா, கொண்டுபோய்க் குடு. குடுத்துட்டு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வா. சாயங்காலம் படம் பார்க்க இங்குட்டு வரவும் வேண்டாம்னு சொல்லிரு.”

அந்தத் தெருவிலேயே டிவி இருந்தது பவுலின் வீட்டில் மட்டும்தான். ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, மறுநாள் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே படம் பார்ப்பார்கள். அழுகைக் காட்சி வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையைப் பவுலினால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் விசுவாசத்தைக் கேலி செய்தால் எப்படிப் பொறுப்பது?

சட்டியைச் சின்னக்கண்ணு வீட்டு வாசலில் வைத்தாள்.

“இனிமே எங்க வீட்டுக்கு எதுவும் தர வேண்டாம்.”

சின்னக்கண்ணு திகைத்தாள். “ஏன்த்தா, என்ன ஆச்சு?”

“எங்களுக்குத் தவக்காலம்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியாம என்ன?”

“தெரிஞ்சுமா கறி கொண்டாந்து குடுக்குற? பதினஞ்சு வருசப் பழக்கத்துக்கு இதுதானா மருவாதி? படம் பார்க்கவும் வர வேண்டாம்னு அவுக சொல்லிட்டாக. நானும் அதைத்தான் சொல்றேன்.”

சொல்லிவிட்டுப் பவுலின் கிளம்பத் திரும்பினாள்.

சின்னக்கண்ணு சட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அந்தக் கறியை என்ன பண்ணீக?”

“நாங்க ஏன் தொடப் போறோம்? அவுகதான் கொண்டுபோய்ச் செவலைக்குப் போட்டாக.”

“அப்பாடா” என்றாள் சின்னக்கண்ணு. “போய்ச் சேர வேண்டிய எடத்துக்குத்தான் சேர்ந்திருக்கு.”

“என்ன சொல்ற?”

“நாய்க்குத்தான்த்தா குடுத்தேன். நீ விரதம் இருப்ப, அண்ணன் விரதம் இருப்பாக. நாலு குட்டிக்குப் பால் குடுக்குறவ விரதம் இருக்க முடியுமா? வெலா எலும்பு தெரிய சுவத்தோரம் கெடக்கா. நானே போடலாம்னா, குட்டி போட்டவ என்னையப் பக்கத்துல விட மாட்டேங்கிறா.”

“அதை வாயைத் தொறந்து சொன்னா என்ன?”

“நாய்க்குன்னு சொல்லி உன் கையில குடுத்தா, ‘நீ அதைப் பட்டினி போடுற’ன்னு குத்திக்காட்டுற மாதிரி இருக்காதா? மூடியைத் தொறந்ததும் உனக்கே புரிஞ்சிரும்னு நெனச்சேன். உப்பு இல்ல, மொளகா இல்ல. மசாலாவைக் கண்ணுலகூடக் காட்டல. வெறும் தண்ணியில வேகவச்சது. மனுசர் திங்கிறதுக்கு அப்படி ஒரு கறியை இந்தக் கை ஆக்கியிருக்குமா, நீயே சொல்லு.”

பவுலினுக்கு அவமானமாக இருந்தது. வளர்க்கிறவள் கண்ணுக்குத் தெரியாத பசி எதிர்வீட்டுக்காரி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சின்னக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாயங்காலம் படத்துக்கு வந்துரு. நீ வராம நான் பெட்டியைப் போட மாட்டேன்.”

“வெங்காயம் எடுத்துட்டு வாரேன்” என்றாள் சின்னக்கண்ணு.

வீட்டுக்குள் நுழைந்ததும் மரியப்பன் ஜபமாலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்லா கேட்டியா? என்ன சொல்றா?”

“அது நமக்கு இல்லியாம், செவலைக்காம். நாய்க்குன்னே உப்பு, காரம் போடாம வேகவச்சுக் குடுத்திருக்கா பாவம்.”

மரியப்பன் தொடையைத் தட்டினார்.

“அப்படிச் சொல்லு! மூணு வாரமா நானும் மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிறேன், அவ கைப்பக்குவம் ஏன் இப்படிச் சப்புன்னு போச்சுன்னு.”