சத்தமா வாசிங்க சார்

தாமரைச்செல்வி பெண்கள் வரிசையில் நின்றுதான் உள்ளே வந்தாள். அரசிதழில் பெயரும் பாலினமும் மாறிய பிறகு அவளுக்கு இதுதான் முதல் தேர்தல். பழைய பெயரை ஊரறிய வாசித்துவிடுவார்களே என்று இத்தனை காலம் வாக்குச்சாவடிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். உள்ளே பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தான், அவளை வீட்டைவிட்டுத் துரத்திய அண்ணன் தணிகாசலம். இந்தப் பெயரில் ஆளே இல்லை என்று அவன் ஆட்சேபித்தால் அத்தனை பேர் முன்னாலும் விசாரணைதான்.

அட்டையை வாங்கிய அதிகாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"சத்தமா வாசிங்க சார். ஏஜெண்டுங்களுக்குக் கேக்க வேணாமா?" என்றாள் தாமரைச்செல்வி.

அவர் தொண்டையைச் செருமினார். "தாமரைச்செல்வி. அப்பா பேரு மாசிலாமணி. பெண்."

பக்கத்துக் கட்சிக்காரர் தணிகாசலத்தின் விலாவில் இடித்தார். "உங்கப்பன் பேருல்ல? யாருய்யா இது? ஆட்சேபனை பண்ணலையா?"

தாமரைச்செல்வி விரலை நீட்டியபடியே அண்ணனைப் பார்த்தாள். அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான்.

"மை வைங்க சார். எங்க வீட்டு ஓட்டு," என்றான் தணிகாசலம்.

விரலில் மை சில்லென்று இறங்கியது.

"வீட்டு ஓட்டுதாண்ணே. உன் கட்சிக்குன்னு யாரு சொன்னா?" என்று சிரித்துக்கொண்டே மறைப்புக்குள் நுழைந்தாள்.