அன்பளிப்புச் சீட்டு

படத்தில் பீச் பழங்களுக்கு நடுவே செத்துக் கிடந்த முயலின் மூக்கை, எச்சில் தொட்ட பஞ்சால் பிலோமின் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய ஓவியத்தின் அழுக்கை எடுக்க எச்சிலைப் போல வேறெதுவும் இல்லை என்பது அவள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். படத்தின் சொந்தக்காரர் சந்தானசாமிக்குத் தெரியவில்லை.

"சீ! மூணு தேசத்துல கண்காட்சிக்குப் போயிட்டு வந்த பிரெஞ்சுப் படம். அதுல போய் எச்சிலத் தடவுறீங்களே, உங்களுக்குக் குமட்டலையா?" என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவள் படத்தின் சட்டத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வரிசையாகக் கண்காட்சிச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, சந்தானசாமியின் தாத்தா கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு: 'மதாம் லெயோனி எனக்கு அன்பளிப்பாகத் தந்தது, 1941.' மற்ற சீட்டுகளும் அதைப் பார்த்தே எழுதப்பட்டிருந்தன. தாத்தாவின் சீட்டில் பூச்சி அரித்த ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றியதும் அது கையோடு வந்துவிட்டது. அடியில், மரத்தில் பென்சிலால் எழுதிய பிரெஞ்சு வரிகள். அவள் தமிழில் சொன்னாள்: "உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன். திரும்பி வந்து வாங்கிக்கிறேன். நான் வராட்டி என் பிள்ளைங்ககிட்ட குடுத்துடுங்க. லெயோனி."

சந்தானசாமி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். கழன்ற சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, திரும்ப அவளிடமே நீட்டினார்.

"இருந்த இடத்துலயே ஒட்டிடுங்க."

"கோந்து இல்ல சார்."

"அதுக்கென்ன, எச்சிலத் தொட்டு ஒட்டுங்க."

பிலோமினுக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. அதை விழுங்க மனம் வரவில்லை.