பின்சக்கரத்தை விடாதே

கான்ஸ்டபிளின் சகலை ஏட்டு ஆகிவிட்டார். அன்றிலிருந்து கான்ஸ்டபிளுக்கு வீட்டில் சாப்பாடு கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை.

“என் தங்கச்சி புருஷனுக்குக் கையில பட்டை ஏறிடுச்சு. உங்களுக்கு எல்லாம் வயித்துலதான் ஏறுது” என்று தட்டு வைக்கும்போதெல்லாம் மனைவி சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் ஸ்டேஷனுக்கு அந்த போன் வந்தது. மொட்டைக் கடிதம் கேள்விப்பட்டிருக்கிறோம், இது மொட்டை போன். பேசியவன் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசினான். சைக்கிளில் கூரியர் பட்டுவாடா செய்யும் ஒருவன் பார்சலோடு பார்சலாக வைரம் கடத்துகிறானாம். நடுவழியில் மடக்கினால் ஒன்றும் சிக்காது, கைமாறும்போதுதான் அமுக்க வேண்டும். ஜீப் சத்தம் கேட்டால் உஷாராகிவிடுவான், அதனால் சைக்கிளில்தான் தொடர வேண்டும்.

“பின்சக்கரத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டே போகணும் சார். கொஞ்சம் அசந்தாலும் ஆள் அம்பேல்.”

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். “பிடிச்சா நீ ஏட்டு. கோட்டை விட்டா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஸ்டேஷன் வாசல்ல பாரா.”

கான்ஸ்டபிள் கூரியர் ஆபீஸ் மேனேஜரை ரகசியமாக விசாரித்தார்.

“வேலையில குறை சொல்ல முடியாது சார். ஆனா சைக்கிள் ரேஸ் பைத்தியம். போன வருஷம் கடைசிக்கு முந்தின ஆளா வந்தான். பயிற்சிக்கு லீவு கேட்டான், முடியாதுன்னுட்டேன்.”

ரேஸ் எல்லாம் வெளிப்பூச்சு என்று கான்ஸ்டபிள் முடிவு கட்டினார்.

முதல் நாளே சந்தேகம் உறுதியானது. அடுத்த தெரு பல் டாக்டருக்குப் போக வேண்டிய பார்சலோடு கூரியர்காரன் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினான். உச்சியில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவன் கடந்தபோது உள்ளங்கையில் எதையோ அமுக்கி, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். சிக்னல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பாதி மேட்டிலேயே கான்ஸ்டபிளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மறுநாள் மொட்டை போன் மறுபடி வந்தது. “என்ன சார் ஆளை அனுப்பியிருக்கீங்க? சீட்டு பள்ளத்துல கிடக்கு, டயர்ல காத்தே இல்ல. சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்தச் சொல்லுங்க. ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கச் சொல்லுங்க.”

“தொழில் போட்டியில எவனோ காட்டிக்கொடுக்குறான்யா. என்ன அக்கறை பாரு” என்று இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோனார்.

கான்ஸ்டபிள் சீட்டை ஏற்றினார், சாப்பாட்டைக் குறைத்தார். கோபத்தில்தான் சாப்பிட மறுக்கிறார் என்று பயந்து மனைவி சகலை பேச்சை நிறுத்தினாள். இந்தக் கேஸில் அவருக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

மெல்ல மெல்ல மேடு பழகியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கூரியர்காரன் எந்தச் சந்தில் வளைந்தாலும் அவர் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். அவன் வேகம் கூட்டினால் இவரும் கூட்டினார். திரும்பிப் பார்க்கும்போது அவன் முகத்தில் பயத்தைக் காணோம், சந்தோஷம்தான் இருந்தது. எல்லாம் கொழுப்பு என்று கான்ஸ்டபிள் பல்லைக் கடித்தார். ஆனாலும் ஒரு நாள்கூட வைரம் கைமாறவில்லை.

ஊரில் சைக்கிள் ரேஸ் அறிவித்தார்கள். கூரியர்காரன் பெயர் கொடுத்திருப்பது தெரிந்ததும் கான்ஸ்டபிளுக்குப் பொறி தட்டியது. கூட்ட நெரிசலைவிடக் கைமாற்ற வசதியான இடம் ஏது? அவரும் பெயர் கொடுத்தார்.

புறப்படும் இடத்தில் அவரைப் பார்த்ததும் கூரியர்காரனின் முகம் வெளுத்தது.

“சார், நீங்க எங்க இங்க?”

“சும்மாதான். வீட்ல பொழுதே போகலை.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று கான்ஸ்டபிள் நினைத்துக்கொண்டார். இன்று அவன் தோளில் பையும் இல்லை. அப்படியானால் வைரம் உடம்பில்தான் இருக்கிறது.

ரேஸ் தொடங்கியது. அவர் பின்சக்கரத்தை விடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, கடைசித் திருப்பத்தில் இவர்கள் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டி மேட்டில் பார்த்த அதே பெண், உள்ளங்கையை மூடியபடி நின்றாள்.

அவன் அவளை எட்டிவிட்டால் எல்லாம் போச்சு. கான்ஸ்டபிளின் கண்முன் ஸ்டேஷன் வாசல் வந்தது, சகலையின் பட்டை வந்தது. எழுந்து நின்று மிதித்தார். கூரியர்காரனைத் தாண்டி, முடிவுக் கோட்டு நாடாவை மார்போடு இழுத்துக்கொண்டு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போலீஸ். கையை விரிம்மா.”

விரித்தாள். உள்ளே ஒரு ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேலே ஏதும் கேட்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. போட்டவர் பரிசு கொடுக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர். “வைரம் கிடக்கட்டும்யா. டிபார்ட்மெண்டுக்குக் கோப்பையே வாங்கிட்ட. இனி நீ ஏட்டு” என்று காதோரம் சொன்னார்.

இரண்டாவதாக வந்த கூரியர்காரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து தேம்பினான். அந்தப் பெண் அவன் எதிரே போய் நின்று இடுப்பில் கையை வைத்தாள்.

“வேலையோட வேலையாப் பயிற்சி எடுக்க, விடாமத் துரத்துற ஆளு வேணும்னு உங்க மேல நீங்களே போலீஸுக்குப் போன் போட்டீங்க, சரி” என்றாள் அவன் மனைவி. “அந்த மனுஷன் சீட்டை எதுக்குங்க ஏத்தச் சொன்னீங்க?”